குருவி வரட்டும்

மூன்றாவது தடவையாக அந்த மின்னஞ்சல் வந்தபோது அவர் ஒரு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் கிடந்த கைப்பேசி ஒளிர்ந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தார். 'உங்களுக்கு ஒரு உற்சாகமான செய்தி' என்று ஆரம்பித்து, நாலாவது வரியில்தான் விஷயத்துக்கு வந்திருந்தார்கள். பலகை இந்த மாதமும் வராது. இன்னும் ஆறு வாரம் ஆகும். தரத்தில் விட்டுக்கொடுக்க மனமில்லாததால்தான் இந்தத் தாமதமாம்.

கை அரை நொடி கூடுதலாக அழுந்திவிட்டது. சக்கரம் லென்ஸை ஒரு பக்கம் தின்றுவிட்டது.

"என்ன கால் பவர், போச்சா?" என்றார் பக்கத்து மேசையில் ஃபிரேம் மாட்டிக்கொண்டிருந்தவர். தலையைத் தூக்கவில்லை. சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

"போச்சு."

"கண்ணாடியா, குருவியா?"

"ரெண்டும்."

மூக்குக் கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் அவர் கால் பவர்தான். மற்றவர்கள் கண்டும் காணாமல் விடுகிற கால் பவர் வித்தியாசத்துக்காக லென்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு வரவழைக்கிற ஆள். வாடிக்கையாளர் இரண்டு நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதானே என்பார். இந்தக் கதை தெரியாமல் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள், மனிதர் நொண்டுகிறாரோ என்று ஒரு வாரம் அவர் நடையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குருவி என்பது ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பலகை. நகத்தளவு கணினி ஒன்றை ஒரு சின்னப் பச்சைத் தகட்டில் பதித்து, கம்பிகளை ஒட்டவைக்க ஓரத்தில் ஓட்டைகள் விட்டிருப்பார்கள். நாம் எழுதிக் கொடுக்கிற நாலு கட்டளையை அது சலிக்காமல் செய்துகொண்டிருக்கும். தொட்டி நிரம்பினால் கத்து என்றால் கத்தும். இருட்டினால் விளக்கைப் போடு என்றால் போடும். அவருக்கு இதுதான் பொழுதுபோக்கு. பால்கனியை அடைத்துப் போட்ட மேசையில் இப்படிப்பட்ட பலகைகள் ஏழெட்டு கிடந்தன. புதிதாக வரப்போகிற பலகைக்கு அந்த நிறுவனம் வாயில் நுழையாத ஒரு பறவையின் பெயரை வைத்திருந்தது. வீட்டில் அது குருவி ஆகிவிட்டது.

அதற்காக அவர் ஏழு மாதமாகத் தவம் கிடந்தது பொழுதுபோக்குக்காக அல்ல, மாமியாருக்காக.

மாமியார் தொலைபேசி நிலையத்தில் முப்பத்தொரு வருடம் இணைப்புக் கொடுத்தவர். அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை, இருக்கை எண்தான். அவர் பன்னிரண்டு. பக்கத்து இருக்கையில் மாற்றலாகி வந்து உட்கார்ந்த பிறகும் தன் பழைய எண்ணை விட மறுத்தவர் முப்பத்தேழு. ஓய்வு பெற்ற பிறகும் அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் எண் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

நாலைந்து வருடமாக மாமியாருக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்து, இப்போது இடது காது சுத்தமாகப் போய்விட்டது. கருவி மாட்டிக்கொண்டால், எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் பேச்சில் பாதி வலது காதில் விழும். மீதியை உதட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்வார். ஆனால் தனியாக இருக்கும்போது கருவியைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார். தட்டை நகர்த்தினால்கூடத் தகரத்தைக் கிழிப்பதுபோல் இருக்கிறது என்பார். பகலெல்லாம் அவர் தனிதான். மகள் பேருந்து ஓட்டுகிறவள், இருட்டு விலகும் முன்பே டிப்போவுக்குப் போய்விடுவாள். மருமகன் கடைக்குப் போய்விடுவார். வாசல் மணியை யார் அடித்தாலும் கதவு திறக்காது. மீட்டர் பார்க்க வந்தவர் திரும்பிப் போனார். குழாய் சரிசெய்ய வந்தவர் மூன்று முறை திரும்பிப் போய், நாலாவது முறை வரவே இல்லை.

மணி அடித்தால் துடிக்கிற ஒரு பட்டையைக் கையில் கட்டிவிட்டால் போதும் என்று மருமகனுக்குத் தோன்றியது. தோன்றிய வாரமே பழைய பலகை ஒன்றை வைத்துச் செய்தும் பார்த்துவிட்டார். வாசல் மணிப் பெட்டிக்குள் ஒரு பலகை, கையில் ஒரு பலகை. மணியை அழுத்தினால் அது இதற்குச் செய்தி அனுப்பும், இது துடிக்கும். வேலையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தது. ஆனால் அளவு சோப்புக் கட்டி மாதிரி இருந்தது. செய்தி எப்போது வரும் என்று பலகை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்ததால் பேட்டரி ஒன்றரை நாளில் செத்தது.

"இதை எப்படி ஒரு மனுஷி கையில கட்டுறது?" என்று அவரே கேட்டு, அவரே அதைப் பிரித்துப் போட்டார். மாமியாரிடம் காட்டவில்லை.

அடுத்த மாதம்தான் குருவியின் அறிவிப்பு வந்தது. தபால்தலை அளவு. தூங்கிக்கொண்டே காதைத் திறந்து வைத்திருக்கும், செய்தி வந்தால் மட்டும் விழிக்கும். பொத்தான் அளவு பேட்டரியில் பத்து நாள் ஓடும். அவர் அந்தப் பக்கத்தை நாலு தடவை படித்தார். முன்பதிவு செய்தார். அன்று மாலையே ஒரு காகிதத்தில் பட்டையை வரைந்து மாமியார் முன்னால் வைத்தார்.

"கைக்கடிகாரம் மாதிரி இருக்கும் அத்தை. பாத்தா யாருக்கும் எதுக்குன்னே தெரியாது."

மாமியார் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எப்ப வரும் மாப்பிள்ளை?"

"ரெண்டு மாசம்."

"சரி" என்றார் மாமியார்.

இரண்டு மாதம் நாலு மாதம் ஆனது. நாலு, ஆறு ஆனது. முதலில் கணினிச் சில்லு கிடைக்கவில்லை என்றார்கள். பிறகு பெட்டி அச்சடிப்பதில் சிக்கல் என்றார்கள். பலகை இல்லாத ஊரில் பெட்டிக்கு என்ன அவசரம் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நிறுவனத்தின் இணையக் குழுவில் அவரைப் போலவே நூற்றுக்கணக்கானவர்கள் காத்துக்கிடந்தார்கள். யாராவது குறை சொன்னால், நல்ல பொருளுக்குக் காத்திருக்கத் தெரிய வேண்டும் என்று பத்துப் பேர் பாய்ந்து வருவார்கள். இதற்கு நடுவில், யூடியூபில் பேசுகிற ஓர் ஆசாமிக்கு மட்டும் பலகை முன்கூட்டியே போய்விட்டிருந்தது. ஆசாமி அதை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிக் காட்டினார். ஒரு விளக்கை மினுக்கிக் காட்டினார். தூங்கும்போது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்பதை மட்டும் அளந்து காட்டவில்லை. கால் பவருக்குத் தெரிய வேண்டியிருந்ததோ அது ஒன்றுதான்.

வீட்டில் எந்த வேலையைச் சொன்னாலும் "குருவி வரட்டும்" என்பது பதிலாகிவிட்டது. குளியலறை விளக்கின் சுவிட்சுகூடக் குருவிக்காகக் காத்திருந்தது.

"அது வந்து முட்டை போட்டு குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்" என்றாள் மனைவி. "பழசுலயே ஒண்ணு செஞ்சு குடுத்தா என்னங்க?"

"நல்லா இருக்காது."

"யாருக்கு?"

அவர் எழுந்து பால்கனி மேசைக்குப் போனார். மனைவியும் காலை வண்டிக்குச் சீருடையைத் தேய்க்கப் போய்விட்டாள்.

மூன்றாவது மின்னஞ்சல் வந்த அந்தச் செவ்வாய்க்கிழமை, கெட்டுப்போன லென்ஸுக்கு முதலாளியிடம் இரண்டு வார்த்தை வாங்கிக்கொண்டு, நாலரைக்கு அவர் வீடு திரும்பினார். கதவைத் திறந்ததும் காலடியில் ஏதோ சரசரத்தது. நாலாக மடித்த காகிதம். மேலே '12' என்று மட்டும் எழுதியிருந்தது.

மாமியார் உள் அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்தது. மருமகன் வந்து நின்றது அவருக்குத் தெரியவில்லை. மருமகன் தோளைத் தொட்டுக் காகிதத்தைக் கொடுத்தார்.

மாமியார் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு அவரிடமே நீட்டினார்.

'பன்னிரண்டு, மணி ஒன்றரை. இருபது நிமிடமாக வாசலில் நிற்கிறேன். உள்ளே மின்விசிறி ஓடுகிறது, விளக்கு எரிவது ஜன்னலில் தெரிகிறது. நீ உள்ளேதான் இருக்கிறாய். திறக்க மனமில்லை என்றால் சரி. இன்று மாலை மகளோடு அவள் ஊருக்கே போகிறேன். வீட்டைக் கொடுத்தாயிற்று. போகுமுன் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தது என் தப்பு. முப்பத்தேழு.'

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் அத்தை, நீங்க வேணும்னு திறக்கலைன்னு ஏன் நெனைக்கணும்?"

மாமியார் டப்பாவைத் திறந்து கருவியை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். நிதானமாகத்தான் மாட்டினார், ஆனால் இரண்டு தடவை நழுவியது.

"ரெண்டு வருஷமா நாங்க பேசுறதில்ல" என்றார். "அவ வீட்டுக்காரர் தவறிப்போன மாசத்துல ஒரு நாள் போன் பண்ணா. எனக்கு ஒரு வார்த்தை பிடிபடல. ஆனா கேட்ட மாதிரியே ம் கொட்டிட்டு, நல்லது நல்லதுன்னுட்டேன். அவர் போயிட்டார்னு அப்புறமா நீங்க ரெண்டு பேரும் சொன்னப்பதான் அவ என்ன சொல்லிட்டிருந்தான்னு புரிஞ்சுது. ஆஸ்பத்திரியில வச்சு டாக்டர் கைய விரிச்ச கதைய சொல்லியிருக்கா."

"அப்பவே காது கேக்கலன்னு சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட? அவகிட்டயா?" மாமியார் எழுந்து செருப்பைத் தேடினார். "கெளம்புங்க மாப்பிள்ளை. அவ வீடு தெரியும்."

வாடகைக் கார் பிடித்துப் போனார்கள். சாலையில் எல்லோரும் வேலை விட்டுத் திரும்புகிற நேரம். ஒவ்வொரு சிக்னலும் இவர்களுக்காகவே சிவப்பு விழுவதுபோல் இருந்தது. மருமகன் முப்பத்தேழின் பழைய கைப்பேசி எண்ணை அழுத்தி அழுத்திப் பார்த்தார். அந்த எண் பயன்பாட்டில் இல்லை என்ற குரல் அலுக்காமல் ஒரே தொனியில் சொல்லிக்கொண்டிருந்தது.

வீடு மூன்றாவது மாடியில். கதவு திறந்தேதான் இருந்தது, ஆனால் உள்ளே ஆளில்லாத எதிரொலி. பக்கத்து வீட்டுப் பெண் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெறும் அறைகளைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

"மூணு மணிக்கே போயிட்டாங்களே" என்றாள். "ஏழு மணிக்கு ஃப்ளைட். சாவிய யார்கிட்ட குடுக்கணும்னு கேக்குறதுக்கு அவங்க பொண்ணு நம்பர் குடுத்துட்டுப் போனாங்க, வேணுமா?"

அங்கேயே, வெறும் கூடத்தில் நின்று அவர் அந்த எண்ணைக் கூப்பிட்டார். மாமியார் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். மகள் எடுத்தாள். பின்னால் விமான நிலையத்தின் அறிவிப்புக் குரல்கள். அவர் தான் யார் என்று சொன்னார். மகள் பக்கத்தில் யாரிடமோ எதையோ கேட்பது காதில் விழுந்தது. பிறகு மகளின் குரல் தயங்கியது.

"அம்மாவுக்கு இப்ப பேச இஷ்டமில்லயாம். தப்பா எடுத்துக்காதீங்க. காலையில இருந்தே ஒரு மாதிரியா இருக்காங்க. நாங்க உள்ள போகணும்."

"ஒரு நிமிஷம் இருங்க. அத்தை வேணும்னு செய்யல. அவங்களுக்குக் காது…"

மாமியாரின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. எழுபத்தொரு வயதுக் கைக்கு அவ்வளவு பிடி இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. "சொல்லாதீங்க" என்றார் மாமியார், சத்தமே இல்லாமல்.

"காதுல என்ன?" என்றாள் மகள்.

சொல்லலாமா வேண்டாமா என்று அவர் யோசிக்கும் முன்பே வரிசை நகர்ந்துவிட்டதுபோலும். "சரி, நான் அப்புறம் கூப்பிடுறேன்" என்று மகள் வைத்துவிட்டாள்.

படி இறங்கும்போது அவருக்கு வந்த கோபம் யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. அரை வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் காரியம். தடுத்தது அத்தை. ஆனால் அத்தையைத் திட்ட வாய் வரவில்லை, ஏனென்றால் ஒன்றரை மணிக்கு அந்த மணி அடித்தபோது வீட்டில் ஒரு பட்டை இருந்திருக்க வேண்டும். நிறுவனத்தைத் திட்டலாம் என்று பார்த்தார். அதுவும் முழுசாக ஒட்டவில்லை.

திரும்பி வருகிற காரில் மாமியார் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் கேட்டார்.

"பழசுல ஒண்ணு செஞ்சு பாத்தீங்களாமே. என் பொண்ணு சொன்னா."

"செஞ்சேன் அத்தை. சோப்புக் கட்டி மாதிரி இருந்துச்சு. பேட்டரியும் ஒன்றரை நாளுக்கு மேல நிக்கல."

"அதுக்கு?"

"தினமும் சார்ஜ் போடணுமே."

"போன தினமும் சார்ஜ் போடுறேன். காதுல மாட்டுறதுக்கும் ரெண்டு நாளைக்கு ஒரு தடவ பேட்டரி மாத்துறேன். இத மட்டும் போட மாட்டேன்னு யாரு சொன்னாங்க?" மாமியார் குரலை உயர்த்தவில்லை. "கடிகாரம் மாதிரி இருக்கணும்னு நான் கேட்டேனா மாப்பிள்ளை? யாருக்கும் தெரியக்கூடாதுன்னு கேட்டேனா?"

கேட்கவில்லைதான். ஆனால் கூடத்தில் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திய கை யாருடையது என்று திருப்பிக் கேட்கலாம்போல் இருந்தது. மாமியாரே அதை உணர்ந்திருக்க வேண்டும். மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பால்கனி மேசையில் உட்கார்ந்தார். பிரித்துப் போட்ட பழைய பலகைகளைத் தேடி எடுத்து, ஒடிந்துபோன இரண்டு கம்பிகளுக்கு மறுபடி ஈயம் வைத்தார். கையில் கட்ட முடியாது என்பதால் கழுத்தில் தொங்கவிடத் தீர்மானித்தார். கடையில் கண்ணாடியோடு இலவசமாகக் கொடுக்கிற துணிப்பை ஒன்றை எடுத்து, மனைவி அதன் வாயைத் தைத்து நாடா கோத்துக் கொடுத்தாள். மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. ஏழு மாதம் காத்திருந்த காரியத்துக்கு நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

மாமியார் அதை மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி வாசலுக்குப் போய் மணியை அழுத்தினாள். அறைக் கதவு திறந்தது.

"மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி இருக்கு" என்றார் மாமியார். "ஆனா துடிக்குது. இன்னொரு தடவ அடிக்கச் சொல்லுங்க."

எட்டுத் தடவை அடித்துப் பார்த்தார்கள். எட்டுத் தடவையும் துடித்தது.

முப்பத்தேழின் மகள் திரும்பக் கூப்பிடவில்லை. அடுத்த நாலு நாள் மாமியார் கைப்பேசியில் ஒற்றை விரலால் எதையோ தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தார். ஐந்தாம் நாள் காலை உணவின்போது கைப்பேசியை மருமகன் பக்கம் தள்ளினார். "அந்தப் பொண்ணு நம்பருக்கு அனுப்புங்க. எனக்கு அழுத்தக் கை வரல."

இரண்டே வரி. 'முப்பத்தேழு, எனக்குக் காது கேட்பதில்லை. அன்று போனிலும் கேட்கவில்லை, போன வாரம் வாசலிலும் கேட்கவில்லை. பன்னிரண்டு.'

அவர் அனுப்பினார். செய்தி போய்ச் சேர்ந்ததற்கு அடையாளம் விழுந்தது. படித்ததற்கு அடையாளம் விழ ஒரு நாள் ஆனது. பதில் வரவில்லை.

அதன் பிறகு வீட்டில் காத்திருப்பது மாமியாரின் முறை ஆனது. சாப்பிடும்போது கைப்பேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். எதுவும் வந்ததா என்று கேட்க மாட்டார், மருமகன் கடையிலிருந்து வந்ததும் முகத்தை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார். ஒரு வாரம், இரண்டு வாரம். அவருக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. இன்னொரு தடவை நானே கூப்பிட்டுப் பேசுகிறேன் என்றார். வேண்டாம் என்றார் மாமியார். எதைக் கேட்டாலும் வேண்டாம்.

குருவி வந்ததும் அந்த நாட்களில்தான். சொன்ன ஆறு வாரத்துக்கு முன்னாலேயே, யாரும் எதிர்பார்க்காத ஒரு வியாழக்கிழமை, கடை முகவரிக்கு வந்து நின்றது. அச்சடிக்க அவ்வளவு பாடுபட்ட பெட்டி உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் அதைத் திறந்து, லென்ஸைப் பிடிக்கிற இடுக்கியால் பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தபால்தலையேதான். ஒரு நிமிடம், பட்ட பாடெல்லாம் மறந்துவிட்டது.

மாலையில் கட்டளைகளை ஏற்றி, பட்டைக்குள் பொருத்தி, பொத்தான் பேட்டரியைப் போட்டார். மணியை அழுத்தினார். அழகாகத் துடித்தது. மறுநாள் காலை ஏழு மணிக்குப் புதுப் பேட்டரி போட்டு மாமியார் கையில் கட்டிவிட்டுக் கடைக்குப் போனார். பதினொன்றரைக்கு மாமியாரிடமிருந்து செய்தி வந்தது: 'குருவி செத்துடுச்சு. பழசை மாட்டிக்கிட்டேன்.'

பேட்டரிதான் மட்டமாக இருக்கும் என்று அடுத்த நாள் காலை வேறு போட்டுப் பார்த்தார். அதுவும் மதியத்தைத் தாண்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மின்சாரம் அளக்கிற மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பலகை தூங்கவே இல்லை. தூங்குகிறேன் என்று சொல்லிவிட்டு, சொன்னதைவிட நாற்பது மடங்கு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தது. அளந்த எண்களைப் படம் எடுத்து இணையக் குழுவில் போட்டார். முதல் பதில், உங்களுக்கு மீட்டர் பிடிக்கத் தெரியவில்லை என்றது. இரண்டாவது, இந்த விலைக்கு இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டது. மூன்றாவது பதில் போட்டவர் தானும் அளந்திருந்தார், அதே நாற்பது மடங்கு. அதற்குப் பிறகு பன்னிரண்டு பேர் அளந்தார்கள். செவ்வாய்க்கிழமை நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மறுபடியும் உற்சாகமான செய்திதான். முதல் தொகுப்பில் ஒரு சிறு குறை இருப்பது 'நம் ஆர்வலர்களின் உதவியால்' தெரிய வந்திருக்கிறதாம். திருத்திய பலகை தயாராகிறது. பெயரைப் பதிந்து காத்திருக்கவும்.

அவர் கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். எதிரே சோப்புக் கட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"காத்திருக்கணுமாம் அத்தை."

"எவ்வளவு நாள்?"

"போடல."

மாமியார் கத்தியை வைத்தார். "நீங்க நல்லா செய்யணும்னுதான் நெனைச்சீங்க. எனக்குத் தெரியும்" என்றார். "ஆனா அன்னிக்கு அவ இருபது நிமிஷம் வாசல்ல நின்னா மாப்பிள்ளை. அத என்னால ஒதுக்கி வைக்க முடியல. உங்கள பாக்குறப்பல்லாம் ஞாபகம் வருது. என்னப் பத்தி நெனைச்சாலும் அதே ஞாபகந்தான் வருது."

"எனக்கும் அப்படித்தான் அத்தை."

மாமியார் மறுபடி கத்தியை எடுத்தார்.

முப்பத்தேழின் பதில் வந்தபோது இருபத்துமூன்று நாள் ஆகியிருந்தது. கைப்பேசித் திரையில் மூன்று தடவை விரலால் தள்ள வேண்டிய அளவுக்கு நீளம். மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் ஓரமாகப் போய் நின்று படித்தார். மகளும் மருமகனும் கூடத்திலேயே நின்றார்கள். படித்து முடித்ததும் மாமியாரின் காது மடல் சிவந்திருந்தது.

"திட்டியிருக்கா" என்றார்.

"என்னன்னும்மா?"

"ஒரே ஹெட்செட்ட ஆளுக்கொரு காதுல வச்சுக்கிட்டு வேலை பாத்தவகிட்ட, காது கேக்கலன்னு சொல்ல உனக்கு ரெண்டு வருஷம் ஆச்சாடின்னு கேக்குறா. புருஷன் சாகக் கெடக்கறத சொல்றேன், நல்லது நல்லதுங்கறியே, அன்னிக்கு ராத்திரியெல்லாம் நான் என்ன பாடுபட்டேன் தெரியுமான்னு கேக்குறா. இன்னும் என்னென்னவோ. பழச எல்லாம் கிளறியிருக்கா. மாத்தி இணைப்புக் குடுத்த கதையெல்லாம்." மாமியார் மூக்கை உறிஞ்சினார். "கோவம் போகல. லேசுல போகாது."

"அப்ப?"

"அப்ப என்ன? பதில் எழுதணும். நானும் கேக்க நாலு இருக்கு." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் எழுந்து வரவில்லை.

பன்னிரண்டும் முப்பத்தேழும் இப்போது தினம் எழுதிக்கொள்கிறார்கள். அநேகமாகச் சண்டைதான். பார்த்துக்கொள்ளப் போவது எப்போது என்று இருவருமே பேச்செடுப்பதில்லை. அவ்வளவு தூரம் பயணம் செய்கிற உடம்பு இரண்டு பேருக்கும் இல்லை.

மருமகன் திருத்திய பலகைக்குப் பெயரைப் பதியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினார். எட்டு வாரத்தில் முடிவு தெரிவிப்பதாகப் பதில் வந்தது. படித்துவிட்டுப் பல்லைக் கடித்தார். கடையில் ஃபிரேம் மாட்டுகிறவர் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த லென்ஸை எடுத்தார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே மாமியார் சோப்புக் கட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வாஷிங் மெஷின் ஓடுனா இது சும்மா சும்மா துடிக்குது. இன்னிக்கு மட்டும் நாலு தடவ வாசலுக்குப் போயிட்டு வந்தேன். யாருமில்ல."

"மணிக் கம்பி மெஷின் கம்பிக்குப் பக்கத்துல போகுது அத்தை. அதான்."

"அதான்னா? என்ன பண்ணப் போறீங்க?"

வாசல் மணிப் பெட்டியைக் கழற்ற வேண்டும். கம்பியைச் சுவரின் மறுபக்கமாக இழுக்க வேண்டும். ஒரு முழுச் சாயங்காலம் போய்விடும், அப்போதும் சரியாகும் என்று சொல்ல முடியாது. அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடினார்.

"மெஷினப் போடுங்க அத்தை" என்றார். "எப்பெப்ப துடிக்குதுன்னு பாத்துடுவோம்."